திரும்பாத சாவி

கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ‘கீக்கீக்’. பழைய கார்களுக்கு ரிமோட் பூட்டு மாட்டும் எலக்ட்ரீஷியன். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டாரென்றால், அரை நாளில் எந்தக் கிழட்டு வண்டியையும் ‘கீக்’ என்று கத்த வைத்துவிடுவார்.

ஆனால் வேலை முடிந்ததும் ஆளைப் படுத்தி எடுப்பார். கதவின் சாவித் துவாரத்தில் எண்ணெய் விட்டு, “நீங்களே சாவி போட்டுத் திறந்து பாருங்க. மாசம் ஒரு தடவையாவது திறக்கணும்” என்பார்.

“ரிமோட்டையும் மாட்டிட்டு சாவியும் போடச் சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்யா!” என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

முதன்முதலில் மாட்டியது சொந்த அக்காவின் காருக்கு. “இனிமே கதவுக்குச் சாவியே வேண்டாம்க்கா” என்று பீற்றிக்கொண்டார். அக்காவும் மூன்று வருஷம் அந்தத் துவாரத்தைத் தொடவில்லை.

அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து இவர் போன் செய்த காலையில், அக்காவின் கார் பேட்டரி செத்துக் கிடந்தது. ரிமோட்டை அமுக்கினால் சத்தமே இல்லை. பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் ஒயரோடு ஓடிவந்தார். ஆனால் பானெட்டைத் திறக்கும் பிடி காருக்குள்ளே அல்லவா இருக்கிறது! துருவேறிய துவாரத்தில் சாவி திரும்பவேயில்லை. கடைசியில் கண்ணாடியை உடைத்து, வண்டியைக் கிளப்பி அக்கா வந்தபோது, அம்மா கண்ணை மூடிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வளைந்துபோன கதவுச் சாவியை அவர் கையில் வைத்து, “என் கையிலதான் பலம் இல்லடா” என்றாள்.