பதினேழாம் நம்பர் பெட்டி

என் கணவரின் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் இளகிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் ஆசிரியை. வீடு திருவட்டாறு பக்கம். கணவர் கத்தாரில். காலையில் அந்த வழியே போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தால் மகளைத் தூக்கத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்த பஸ் என்னை இரண்டாம் பீரியடுக்குத்தான் கொண்டு சேர்க்கும். ஆகவே கார் எனக்கு ஆடம்பரம் அல்ல. கார் ஓடினால்தான் வேலை.

அது ஒரு நாள் வழியில் நின்றது. பெரியத்தான், அதாவது கணவரின் அண்ணன், சொந்தமாக வொர்க்ஷாப் வைத்திருப்பவர். வண்டியை அங்கே இழுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் போனது. தலைமையாசிரியை என்னை இரண்டு முறை கூப்பிட்டுத் தாமதத்துக்கு எழுதி வாங்கினார். கடைசியில் பெரியத்தான் வந்து சொன்னார்.

"மக்கா, உனக்க காருக்க கம்ப்யூட்டரு செத்துப்போச்சு கேட்டியா. இனி ஒண்ணும் நடக்காது. ஆக்கர்காரனுக்குக் குடுத்திரு. உனக்கு எதுக்கு இந்த அலைச்சலு? லீவு போட்டுட்டு வீட்டில இரியேன்."

எங்கள் ஊரில் பழைய இரும்புக்கு ஆக்கர் என்று பேர். பெட்ரோலை அளந்து, பிளக்கில் தீப்பொறி விடும் நேரத்தையும் கணக்குப் பார்க்கிற சின்னப் பெட்டிதான் அந்தக் கம்ப்யூட்டர். செத்த பெட்டியையாவது தாருங்கள் என்றேன். கம்பெனிக்கு அனுப்பியாச்சு என்றார். கணவரோ போனில், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

இங்கே என் கிறுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் வருஷக் கடைசியில் சரிபார்க்கும்போது எதுவும் இருக்காது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்ஸி நான்கு, ஏணி ஒன்பது. ஒருமுறை சுத்தம் பண்ணக் கழற்றியபோது காரின் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் எண் எழுதினேன். பதினேழு. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவேன். மகள் சிரிப்பாள்.

ஒரு மழை நாளில் எங்கள் தேவாலயச் சபைச் செயலாளர் பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டு காரை நிறுத்தினார். என் கார் மாதிரியே ஒரு கார். பின்சீட்டில் அரிசி மூடை கிடந்ததால் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வளைவில் கால்பக்கத்து மூடி கழன்று என் முழங்காலில் விழுந்தது. எடுத்து மாட்டக் குனிந்தேன். உள்ளே பதினேழு. ஏழுக்கு நடுவில் கோடு.

"அது எப்பவும் கழண்டு விழும். உள்ள இருக்க கம்ப்யூட்டரு உனக்க அத்தான்தான் புதுசு போட்டுத் தந்தாரு. நல்ல கைராசி உள்ள ஆளு" என்றார் செயலாளர்.

"ஆமா, நீளமான கை" என்றேன். அவர் சிரித்தார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், தவறி மாறிப்போச்சு என்பார் பெரியத்தான். குடும்பத்து மானம் என்பார் கணவர். யாரும் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே நான் மன்னித்தாக வேண்டும். அதனால் மூடியை மாட்டிவிட்டு வாயையும் மூடிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு முடிவு செய்தேன்: அந்தப் பெட்டி இல்லாமலே என் கார் ஓடும். ஓடுவதை அவர் பார்ப்பார்.

என் காரின் எஞ்சின் பழைய மாடலில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்பரேட்டரோடு வந்ததுதான். கம்ப்யூட்டர் பிறகு வந்த சீமாட்டி. பெரியத்தான் சொன்னபடியே ஆக்கர் கடைக்குப் போனேன், கொடுக்க அல்ல, வாங்க. நசுங்கிக் கிடந்த பழைய வண்டி ஒன்றிலிருந்து கார்பரேட்டர், அது உட்காரும் குழாய், பெட்ரோல் பம்ப், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் கழற்றித் தந்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது நான்கு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்சாரம் பங்கிடும் உருண்டை. அதன் வயிற்றில் பாயிண்ட் என்று ஒரு சின்னச் சுவிட்ச், எஞ்சின் சுற்றச் சுற்றத் திறந்து மூடும். என் எஞ்சினில் அது உட்கார வேண்டிய இடத்தில் ஒரு சென்சார் இருந்தது. அதைப் பிடுங்கியதும் உருண்டை கச்சிதமாக உள்ளே போனது.

சனிக்கிழமை தோறும் போர்ட்டிகோவில் வேலை. செய்தி பெரியத்தானுக்குப் போய், பார்க்க வந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் கையில் காயிலை, அதாவது தீப்பொறிக்கான தூண்டுசுருளை, வைத்திருந்தேன். அதில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு முனை.

"மைனஸ் எண்ணா எர்த்து. பாடில ஒரு நட்டுல முடுக்கிரு. இதுகூடத் தெரியாம என்ன டீச்சரு?"

"சரி அத்தான்" என்றேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்குத் தூண்டுசுருள் நடத்துகிறவளிடம் சொல்கிறார்! காயிலின் மைனஸ் பாடிக்குப் போகக் கூடாது. அது டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டுக்குப் போக வேண்டும். பாயிண்ட் திறந்து மின்சாரம் அறுபடும் அந்த நொடியில்தான் தீப்பொறி பிறக்கும். நேராகப் பாடியில் முடுக்கினால் பொறியே வராது. காயில் சூடாகிக் கருகும். அவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் அவர் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அது நல்ல தீனி.

சாவியிலிருந்து வரும் வயரைப் பிளஸ்ஸில் கொடுத்தேன். மைனஸிலிருந்து பாயிண்டுக்கு ஒரு வயர். காயிலின் நடுவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குத் தடித்த வயர். பிளக் வயர்களை உள்ளே முள் போல ரோட்டர் சுற்றும் திசையிலேயே ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று செருகினேன். மகளைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தேன். கார்பரேட்டர் வழியாகப் படார் என்று தீ கக்கியது. என் முன்முடி கருகியது. அடுத்த நாள் ஆராதனையில் பெரியத்தான் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஆக்கர் வெடிச்சாச்சா?" என்று பத்துப் பேர் கேட்கக் கேட்டார். பத்துப் பேரும் சிரித்தார்கள். அன்றைக்குக் கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிக்கிற வரி வந்தபோது நான் மட்டும் சொல்லவில்லை.

தப்பு என்னுடையதுதான். பிஸ்டன் மேலே இரண்டு தடவை வரும். ஒரு தடவை காற்றை அழுத்திக்கொண்டு, இன்னொரு தடவை புகையைத் தள்ளிக்கொண்டு. நான் புகைத் தடவையில் உருண்டையை நிறுத்தியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, இன்னொரு கையால் ஸ்பேனர் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளியது. எஞ்சின் சக்கரத்திலுள்ள குறி நேராக வரும்வரை சுற்றி, அங்கே நிறுத்தி, ரோட்டர் ஒன்றாம் வயரைப் பார்க்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை உட்கார வைத்தேன். இரண்டாவது திருப்பலில் எஞ்சின் பிடித்தது. முதலில் இருமியது, பிறகு சீராக ஓடியது. சந்தோஷத்துக்கு முன்னால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே பள்ளியில் இருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததையும் வளர்த்ததையும் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். வருஷா வருஷம் ஏலம் கூறுவது பெரியத்தான். நல்ல வெண்கலத் தொண்டை. வாழைக்குலை போனது, சேவல் போனது, மரச்சீனிக்கிழங்கு போனது. அடுத்து என் பொதி. பிரித்தார். என் காரிலிருந்து கழற்றிய வயர்க்கட்டு, நுனியில் கம்ப்யூட்டர் மாட்டும் காலி சாக்கெட், அதில் தொங்கும் அட்டையில் கோடு போட்ட பதினேழு.

"இது என்ன மக்கா, வயரு?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பதினேழாம் நம்பர் பெட்டிக்க வயரு அத்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "எனக்க காருல உள்ளது. பெட்டி யாருக்க வண்டில இருக்கோ, அவங்களுக்கு உபயோகப்படும்."

செயலாளர் அட்டையைப் பார்த்தார். கழன்று விழும் மூடியை எடுத்து மாட்டும்போதெல்லாம் உள்ளே அவர் பார்த்துக்கொண்டிருந்த எண். பிறகு ஏலம் கூறுகிறவரை நிமிர்ந்து பார்த்தார். புதுசு என்று வாங்கியவர் அல்லவா, காது சிவந்துவிட்டது. "நூறு" என்றார்.

"இருநூறு" என்றார் பெரியத்தான். ஏலம் கூறுகிறவரே கேட்பதைக் கண்டு கூட்டம் ஆர்ப்பரித்தது. செயலாளர் விடவில்லை. ஏற்றிக்கொண்டே போனார். சேவலையும் குலையையும் தாண்டி, அந்த வருஷம் எந்தச் சாமானும் தொடாத விலைக்கு அவரைத் துரத்திக் கொண்டுபோய்விட்டு, கையைக் கட்டிக்கொண்டார். தன் கேள்விக்குத் தானே ஒரு தரம், ரெண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று பெரியத்தானுக்கு. மூணு தரம் என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நான் காரை எடுக்கும்போது அவர் வயர்க்கட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். எஞ்சின் ஓடுவதைக் கேட்டார்.

"மைனஸ பாடில குடுத்தியா?"

"இல்ல அத்தான். நீங்க சொன்னதுனால குடுக்கல்ல."

செயலாளர் மறுவாரமே பெட்டியைக் கழற்றி என் வீட்டில் கொண்டு தந்தார். நான் அதைக் காரில் மாட்டவில்லை. துடைத்து, ஹாலில் ஷோகேஸ் மேல் வைத்தேன், எண் வெளியே தெரியும்படி. கிறிஸ்மஸுக்குப் பெரியத்தான் வந்தார். எப்போதும் உட்காரும் நாற்காலி அதற்கு நேர் எதிரே. கண்டதும் நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். கேக்குத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிற போக்கில் நான் பெட்டியையும் அவருக்கு நேர் எதிரே வரும்படி நகர்த்தி வைத்தேன்.