கால் பண்ணிட்டேன்

எட்மன்டனில் முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது ஒரு தகுதி. வந்த புதிதில் அலுவலகத்தில் ஒருவர், "உனக்கு நல்ல போக்கர் ஃபேஸ்" என்றார். மூஞ்சி சரியில்லை என்கிறாரோ என்று பயந்து அன்றே ஒரு க்ரீம் வாங்கினேன். பாராட்டு என்று பிறகு தெரிந்தது. தெரிந்ததும் சும்மா இருந்திருக்கலாம். ஆன்லைனில் போக்கர் சீட்டாட்டம் ஆட ஆரம்பித்தேன்.

திரையில் எதிராளிக்கு முகம் கிடையாது. பந்தயம் கட்ட அவன் எடுக்கும் நேரமும், கட்டும் தொகையும்தான் முகம். தயங்கிவிட்டு, பிறகு தேவைக்கு மேல் அள்ளி வைக்கிறானா? அநேகமாகக் கையில் ஒன்றும் இல்லை, மிரட்டுகிறான். அவன் வைத்ததற்குச் சமமாக நாமும் வைத்து, 'சீட்டைக் காட்டு' என்பதற்குப் பெயர் கால்.

சங்கரன்கோவிலில் தனியாக இருக்கும் என் அக்காவுக்கு மார்பில் கட்டி. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷனுக்குச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டும். "நீ ஒரு வார்த்தை சொல்லுலே, போடுதேன்" என்றாள். கூப்பிடுகிறேன் என்றேன்.

எங்களுக்கு அது சனிக்கிழமை காலை. என்ன சொல்வதென்று தெரியாத பயத்தில், 'ஒரே ஒரு ஆட்டம்' என்று உட்கார்ந்தேன். எதிராளி யோசித்து யோசித்துப் பெருந்தொகை வைத்தான். 'கால்' பொத்தானை அழுத்தினேன். அதே நேரம் அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்: "என்னங்க, மைனிக்குக் கால் பண்ணியாச்சா?"

"பண்ணிட்டேன்."

பொய் இல்லை பாருங்கள். அந்த ஆட்டத்தில் ஜெயிக்கவும் செய்தேன். அதனால் இன்னும் நாலு ஆட்டம்.

அப்புறம் மனைவியே போனைப் போட்டாள், ஸ்பீக்கரில். "மைனி, உங்க தம்பி பேசிட்டாகளாமே?"

இரண்டு விநாடி சத்தமில்லை.

"ஆமாட்டி, பேசினான். அரைமணி நேரம்லா பேசினான்! பயப்படாதக்கா, தைரியமாப் போடுன்னு அழுதுட்டான், பாவம். இப்பதான் கையெழுத்துப் போட்டேன்."

தயக்கம். பிறகு தேவைக்கு மேல் அள்ளி வைத்தது. சின்ன வயதில் கழுதை ஆடும்போது நல்ல சீட்டு வந்தால் சிரித்தே காட்டிக்கொடுத்துவிடும் அக்கா அவள். போனை வாங்கினேன். "அக்கா..."

"வைலே, டாக்டர் வாராரு. நீ சொன்ன மாதிரியே தைரியமா இருக்கேன்."

போனை மனைவியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தபின் அக்கா தெரு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அரைமணி நேரம் பேசி, அழுது, அக்காவுக்குத் தெம்பு கொடுத்த தம்பி ஒருவன் இப்போது சங்கரன்கோவிலில் இருக்கிறான். எட்மன்டனில் இருப்பது நான். அடுத்த முறை ஊருக்குப் போனால், அவன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அந்தத் தெருவில் நடக்க வேண்டும். எனக்கு அது தொளதொள என்றுதான் இருக்கும்.