இடிதாங்கியில் மூன்றடி

இடிதாங்கியின் செப்புப் பட்டை கூரையிலிருந்து மண் வரை எங்கும் அறுபட்டிருக்கக் கூடாது. அறுபட்டால் உத்தரவு பெற்ற வயர்மேன் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. விதி இப்படி. கோப்பில் இல்லாத எதையும் நான் நம்பியவனல்ல, பேயை மட்டும் நம்பிவிடுவேனா? நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தலைமை எழுத்தர். வெள்ளையடிக்க வந்தவர்கள் சாரம் கட்டத் தோதில்லை என்று சுவரில் இறங்கிய பட்டையில் மூன்றடியை வெட்டி எடுத்துவிட்டார்கள், துண்டும் காணாமல் போனது. வயர்மேன் மாரப்பன் வாளையார்க்காரர், அன்றைக்கே வந்து நின்றார்.

"ஒரு துண்டு செம்பு குடுங்க சார், இப்பவே சேத்துப்போடறேன்."

"உத்தரவு வரட்டும்."

"காயிதத்துல இடி எறங்காதுங்க சார்."

உத்தரவு கேட்டு மின்பிரிவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஜூலை இருபத்தேழாம் தேதி மாரப்பன் காய்ச்சலில் இறந்தார். நானே போய் மாலை போட்டு வந்தேன்.

அக்டோபரில் துலாவர்ஷம், இடியோடு வரும் ஐப்பசி மழை. பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு, வாளையார் மலையிலிருந்து இடி ஒவ்வொன்றாக நெருங்கி வந்தது. மாடிக் கூடத்தில் பரீட்சை, எழுதுகிறவர்களில் என் மகள் கமலமும் ஒருத்தி. கூடத்தின் கதவை உள்ளே தாழிட்டிருந்தார்கள், அதுவும் விதிதான். கல்பாத்திக்காரரான பிரின்சிபாலிடம் ஓடினேன், எல்லோரையும் கீழே இறக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"இடி இடிச்சா பரீட்சையை நிறுத்தணும்னு எந்த ரூல்ல இருக்கு ஓய்? நீர்தானே ரூல் பேசறவர்?"

வேலியிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கிக்கொண்டு, விதியாவது மண்ணாவது என்று மழையில் சுவரை நோக்கி ஓடினேன், வெட்டுப்பட்ட முனைகளை அதைக் கொண்டு கட்டிவிடலாம் என்று. கை நீட்டும்போது முதுகுக்குப் பின்னால் குரல்:

"தொடாதீங்க சார். அது எங்க வேலைங்க. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அடுத்த நொடி கண் முழுக்க வெள்ளை, காதில் ஒன்றுமில்லை. பார்வை திரும்பியபோது மேலே ஜன்னலில் கமலம் நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பட்டையின் இரு முனைகளும் உருகியிருந்தன, நடுவில் மூன்றடி அப்படியே காலி, சுவரில் கரிகூட இல்லை.

மின்னல் காற்றில் தாவியிருக்கும் என்றார் பௌதிக ஆசிரியர். நானும் அப்படியே எழுதிக் கோப்பில் வைத்தேன், நம்பவும் செய்தேன், பதில் வரும் வரை.

பதிலோடு வயர்மேனின் வேலைச் சீட்டை இணைத்திருந்தார்கள். அந்த அக்டோபர் நாளின் தேதி. எழுத்து மாரப்பனுடையது, எனக்குத் தெரியாததா? "துண்டு கிடைக்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டேன்." அதன் கீழே அதிகாரியின் குறிப்பு: "பணி முடிந்தது. கோப்பை மூடலாம்."

வரவு முத்திரையை நானே குத்தினேன். அடுத்த ஆண்டு, ஜூலை இருபத்தேழு.