அடித்தட்டில் ஓர் அரக்கு

பட்டுக்கடையில் புடவையை விற்பது சுலபம். விற்காமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நூறு புடவையைப் பிரித்துக் காட்டி, நூறையும் திரும்ப மடித்து வைத்த சக விற்பனையாளர்களே, இது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் தேர் போகிற தெருவில் இருந்த ஒரு கடையில், நான் ஒரு வருஷம் அந்தக் கஷ்டத்தை விரும்பியே பட்டேன்.

தூங்குகிற புடவை

எங்கள் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளிவரை விற்காமல் கிடந்த புடவைகளைச் சிப்பந்திகளுக்குப் பாதி விலையில் கொடுத்துவிடுவார். அவற்றுக்குத் தூங்குகிற புடவை என்று பெயர். பெரும்பாலும் யாரும் சீண்டாத பழுப்பும் சாம்பலுமாகத்தான் இருக்கும்.

எனக்கோ அரக்கு நிறப் பட்டு வேண்டும். என் மனைவி அலமேலுவைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். அந்த நிறம் என் கண்ணிலேயே நின்றுவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கு என்னால் பருத்திதான் எடுக்க முடிந்தது. பட்டுக்கடையில் வேலை செய்கிறவன் பெண்டாட்டி பருத்தியில் வந்திருக்கிறாள் என்று ஒவ்வொரு விசேஷத்திலும் சொந்தக்காரர்கள் பேச, நான் கூனிக் குறுகிப் போவேன். அடுத்த வருஷம் கார்த்திகையில் அவள் தம்பிக்குக் கல்யாணம். அதற்கு அவளை அரக்கில் அழைத்துப் போயே தீருவது என்று முடிவு செய்தேன். முழு விலை கொடுக்க வழியில்லை. ஆகவே தீபாவளி முடிந்து வந்த புதுச் சரக்கில், மாம்பழ நிறக் கரை போட்டு வந்திருந்த ஒரே அரக்கை எடுத்து, அலமாரியின் அடித்தட்டில் பழுப்புப் புடவைகளுக்குக் கீழே படுக்க வைத்தேன்.

ஆறு மாதத்தில் முதலாளிக்கு மூக்கில் வியர்த்தது. "ஏம்பா, ஊரே அரக்கு அரக்குன்னு பறக்குது, நம்ம கடையில மட்டும் அது படுத்துக்கினே இருக்குதே. அதுக்கு இன்னா, ஜுரமா?"

கிளியோடு வந்தவர்

செவிலிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு கையில் மகளைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் கிளிக்கூண்டு. மகளுக்குக் கிளிப்பச்சைதான் வேண்டுமாம், அதுவும் தங்கள் வீட்டுக் கிளியின் பச்சை. போன கடைகளில் எல்லாம் இலைப்பச்சையைக் கிளிப்பச்சை என்று தலையில் கட்டப் பார்த்தார்களாம். அதனால் சாட்சியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

பட்டின் நிறத்தை ட்யூப்லைட்டில் பார்த்து எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். வெயிலில் காட்டியே ஆகவேண்டும். நான் தெருவில் நின்று புடவைகளை ஒவ்வொன்றாக விரித்தேன். அவர் கூண்டைப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். ஏழாவது புடவையில் கிளி எங்கே முடிகிறது, புடவை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. மகள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவர் அதன் விலையைக் கேட்டார். பக்கத்தில் கிடந்த, கொஞ்சம் மங்கலான பச்சையின் விலையையும் கேட்டார். அது ரொம்ப மலிவு. மகளையும் கிளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். "இந்தக் கிளி நமக்குக் கட்டுப்படியாவாதுபா. கொஞ்சம் வெளுத்த கிளியா ஒண்ணு புடிச்சிக்கினு வரேன்."

தலைகீழ் மயில்

இதை வீட்டில் சொன்னபோது அலமேலு கிளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிளிப்பச்சைப் புடவை இன்னும் கடையில் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். கடையின் மேல் இவளுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். சீக்கிரமே அதை விற்று, நல்ல சேதியோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று மும்முரமானேன்.

வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்தவரின் மனைவி வந்தார். பாவாடை கட்டிய காலத்திலிருந்தே அவருக்கு அரக்கு என்றால் உயிராம். அரக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கூசாமல் சொல்லிவிட்டு, அந்தக் கிளிப்பச்சையை எடுத்துப் போட்டேன். அம்மாள் முகத்தைச் சுளித்தார். ஏதாவது குறை கிடைத்தால் விலையைக் குறைக்கலாமே என்று புடவை முழுக்கத் தேடினேன். கிடைத்தது. தறியில் கரை உருவங்களுக்காக மாட்டும் ஜக்கார்டு அட்டைகளைத் தலைமாற்றிக் கோத்துவிட்டார்கள் போல. கரையில் ஒரு முழத்துக்கு மயில்கள் எல்லாம் தலைகீழாக நின்றன. புதையல் எடுத்தவன் மாதிரி முதலாளியிடம் ஓடி, விலையைக் குறைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மாள் மயில்களை உற்றுப் பார்த்தார். பாக்கறவங்களுக்குத்தானே தலைகீழு, கட்டிக்கினு குனிஞ்சா எனக்கு நேராத்தானே நிக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நிறம் பிடித்திருக்கிறதா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "கிளிப்பச்சையைக் கண்டாலே எனக்கு ஆவாதுபா. ஆனா இந்த வெலைக்குப் புடிக்காம எப்பிடி இருக்கும்?"

ஏற்றினேன், இறக்கினேன்

தீபாவளிக்கு நாலே நாள் இருந்தது. ஏனாத்தூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் மலிவாக ஏதாவது கேட்டதால் அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்பை உருவினேன். கூடவே அரக்கின் ஓரம் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். முதலாளியோ கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் காட்டாமல் தப்ப முடியவில்லை. வெயிலுக்குக் கொண்டுபோனால், பாவிப் புடவை அன்றைக்கென்று ஜொலித்தது.

தெருவில் பேசுவது முதலாளி காதில் விழாது. தைரியமாக விலையை இரண்டு மடங்கு சொன்னேன். கணவர் அப்படியே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாளோ, அப்படியென்றால் அசல் சரக்குதான் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பதினோரு மாதம் காவல் காத்த புடவை கண்ணெதிரே போகிறது. வேறு வழி தோன்றாமல், ஏற்றியது பலிக்காதபோது இறக்கியாவது பார்ப்போம் என்று விலையை இறக்க ஆரம்பித்தேன். அவர்கள் பேரமே பேசவில்லை. நானே பேசி நானே இறங்கினேன். அசல் விலையில் முக்கால், பாதி, அதற்கும் கீழே. சரி என்று அவர்கள் சொல்லியிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். கணவர் முகம் மலர்ந்து எழுந்து நின்றார். அம்மாளின் முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. புடவையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு என் கையில் திணித்தார். "இவ்ளோ தூரம் எறங்கறீங்கன்னா, இது எவளோ கட்டிக் களைஞ்ச பொடவை. அரக்கும் வாணாம், ஒண்ணும் வாணாம். வாங்க, போவலாம்."

பெண் பார்த்த அன்றைய நிறம்

தீபாவளிக்கு முன்தினம் முதலாளி தூங்குகிற புடவைகளைப் பங்கிட்டார். அரக்கை அவரே எடுத்து என் மடியில் வைத்தார். ஒரு வருஷம் முழுக்க அரக்கு விற்காத கடை காஞ்சிபுரத்திலேயே நம்முடையதுதான் என்றார். வீட்டில் நல்லபடியாகக் கட்டிக்கொள்ளச் சொல் என்றார். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் காலில் விழலாம் போலவும் இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அலமேலு பிரித்துப் பார்த்தாள். ஜுரம் வந்த கதையிலிருந்து ஏனாத்தூர் அம்மாள் முகர்ந்த கதைவரை மூச்சுவிடாமல் சொல்லி, உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நீ கட்டியிருந்த அதே நிறம் என்று முடித்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நானும் நினைத்தேன். "அது எங்க அண்ணியோட பொடவைங்க. அரக்கு வாணாம்னு அன்னிக்கே அழுதேன், யாரு கேட்டாங்க? எனக்குக் கிளிப்பச்சைதான் உசுரு. கடைக்கு வர்றவங்களை எல்லாம் ஒக்காரும்போதே இன்னா கலர்மா வேணும்னு கேக்கறீங்களே, என்னை ஒருநாளாவது கேட்டீங்களா?"

கார்த்திகையில் அவள் அந்த அரக்கையே கட்டிக்கொண்டு தம்பி கல்யாணத்துக்கு வந்தாள். சொந்தக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அதற்கு முன்பே, அந்தத் தீபாவளி முடிந்து கடை திறந்த அன்றே, நல்ல கிளிப்பச்சை ஒன்றைத் தேடி எடுத்து அதே அடித்தட்டில் படுக்க வைத்தேன். சாயங்காலமே செவிலிமேட்டுக்காரர், வெளுத்த கிளி எங்கும் கிடைக்காமல், அந்தப் பழைய கிளியோடேயே கடைப்படி ஏறினார்.