தேங்காய் போட்ட ஒடுக்கு

பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. தான் விற்கிற சாமான்கள் எல்லாவற்றையும் தனக்குப் பாவிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொள்வான். இருபது வருஷமாகச் சுத்தியலும் குறடும் விற்கிறேன். வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் என் மனைவிதான் அடிப்பாள். ஆனாலும் கடைக்கு வருகிற மேசன்மாருக்குக் கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டுமென்று சொல்லிக்கொடுப்பது நான்தான். பாவம், அவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

மனைவி மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பதினொரு வருஷமாக விடியுமுன்பே பஸ் பிடித்து, பசறையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்று, கடைசித் துண்டு ரோட்டை நடந்து கடந்தவள், போன வருஷம் தன் சேமிப்பில் ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினாள். ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்தாள். எனக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். அது ஒரு பொருட்டே இல்லை என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வண்டிக்குப் பூசை போடக் கோயிலுக்குப் போனோம். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சந்தனம் பூசியாயிற்று. சிதறுதேங்காய் போடுகிற நேரம் வந்தபோது ஐயர் தேங்காயை அவளிடம்தான் நீட்டினார். வண்டி அவளுடையதுதானே. நான் குறுக்கே புகுந்து வாங்கிக்கொண்டேன்.

"குடு இங்க. இதெல்லாம் ஆம்பள வேல."

ஆம்பளையின் வேலை எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குக் கூடியிருந்த சனம் முழுவதும் பார்த்தது. இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஓங்கிப் போட்டேன். தேங்காய் கல்லின் ஓரத்தில் பட்டு, உடையாமல், பக்கவாட்டில் எகிறி நேரே டிரைவர் பக்கக் கதவில் போய் மோதியது. பிறகு நிதானமாக உருண்டு, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. கதவில் கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு நேர்த்தியாக என் கை வேறெந்த வேலையையும் செய்ததில்லை.

என் அம்மா தீர்ப்புச் சொல்ல நேரமெடுக்கவில்லை.

"தேங்கா ஒடையல, வண்டி ஒடுங்கிருச்சு. சாமி இதுக்கு மேல எப்படிச் சொல்லும்? அந்த ஒடுக்கு போற வரைக்கும் புள்ள அந்த மலை ரோட்டுல வண்டிய எடுக்க வேணாம்."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்கத்த. போட்டவரே எடுத்துத் தரட்டும்" என்றாள். அடுத்த நாள் விடியற்காலை மறுபடியும் பஸ்.

வண்டித் தகடு நிமிர்த்துகிற டிங்கர் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் கதவைத் தடவிப் பார்த்து, அடித்து நிமிர்த்தி, புட்டி வைத்து, முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி பெயின்ட் போனால் போனதுதானாம். அவள் சொன்னது சரிதான். அப்போதுதான் போனில் பார்த்தேன்: பெயின்ட்டைத் தொடாமலே ஒடுக்கெடுக்கிறார்களாம், கதவுக்கு உட்புறமாகக் கம்பியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி. பார்க்க மிகவும் சுலபமாக இருந்தது. போனில் பார்த்தால் எதுதான் சுலபமாக இல்லை.

ஆயுதம் தேடும் படலம் தொடங்கியது. 'மலிவா வாங்கிட்டு ரெண்டு தரம் வாங்காதீங்க' என்று வாடிக்கையாளர்களுக்கு தினமும் உபதேசம் செய்கிற நான், மூன்று தரம் வாங்கினேன். முதலில் வந்தது கதவில் ஒட்டி இழுக்கிற ரப்பர்க் கிண்ணம். இழுத்த இழுப்பில் கிண்ணம் கையோடு வந்தது, நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒடுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்தது, சூடான பசையால் பிளாஸ்டிக் பொத்தானை ஒட்டி இழுக்கிற செட். நல்லவேளை, அதை அவள் கதவில் போடுமுன் பழைய வாகனச் சாமான் விற்கிறவரிடம் ஒரு கதவு வாங்கி வந்து அதில் போட்டுப் பார்த்தேன். பெயின்ட் உரிந்து பொத்தானோடு வந்தது. அந்தக் கதவுக்கு யாரோ ஏற்கெனவே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரும்புக்கடைக்காரன் கம்பிக்கு வெளியூர் போவதா? கடையிலிருந்த கொங்கிரீட் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, வளைத்து, நுனியைத் தேய்த்துப் பழைய கதவுக்குள் விட்டேன். அது வீடு கட்டப் பிறந்த கம்பி. ஒரே தள்ளில் கதவின் வெளிப்புறம் ஒரு கொப்புளம் கிளம்பியது. கடைசியில் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு முறையான கம்பிகளை வரவழைத்தேன். வழுவழுவென்று, நுனியில் ரப்பர் உறை மாட்டியவை. கூடவே கண்ணாடி இடுக்கை விரித்துப் பிடிக்க ஓர் ஆப்பு, எழும்பின மேட்டைத் தட்டி இறக்க ஒரு பிளாஸ்டிக் முளை, கோடுகோடாக வெளிச்சம் விழுகிற ஒரு விளக்கு.

அந்த விளக்குதான் குரு. கதவில் விழுகிற கோடுகள் ஒடுக்கு இருக்குமிடத்தில் வளைந்து காட்டும். கம்பி நுனி உள்ளே எங்கே நிற்கிறது என்பதைக் கோட்டின் அசைவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் தள்ளக் கூடாது. ஓரத்திலிருந்து சுற்றிச்சுற்றி, அரிசி அரிசியாக நகர வேண்டும். தள்ளுகிறோம் என்பதே தெரியாத அளவுக்குத்தான் தள்ள வேண்டும். வாழ்நாளில் எதையும் மெதுவாகச் செய்து பழகாதவனுக்கு இது என்ன மாதிரியான தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

கொட்டகையில் பழைய கதவை நிறுத்திவைத்து தினமும் கடை மூடி வந்து பழகினேன். சுத்தியலால் ஒடுக்குப் போடுவேன், எடுப்பேன். பிறகு, சுத்தியல் ஒடுக்கும் தேங்காய் ஒடுக்கும் ஒன்றில்லையே என்ற ஞானோதயம் வந்தது. அன்றிலிருந்து பழைய கதவுக்குத் தேங்காயடி. வேடிக்கை என்னவென்றால், கோயிலில் உடையாத ஜாதி இங்கே ஒவ்வொன்றாகப் பிளந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் தேங்காய்ச் சம்பலில்லாத வேளையே கிடையாது. உடைகிற ஒவ்வொன்றும் நல்ல சகுனம் என்று அம்மா மட்டும் திருப்தியாக இருந்தாள்.

கை படிந்துவிட்டது. அது எனக்கே ஆச்சரியம். ஆனாலும் அவள் கதவுப் பக்கம் நான் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் பழக வேண்டும் என்றேன். அடுத்த வாரம், மழையில் தகடு குளிர்ந்திருக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம், இன்னும் ஒரு கம்பி வர வேண்டியிருக்கிறது என்றேன். அவள் பஸ்ஸிலேயே போய் வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் பசறைக்கு அந்தப் பக்கம் பஸ் பழுதாகி நின்று, பாதித் தூரம் மழையில் நடந்து, சேலை முழுக்கச் சேறாக வந்தாள். நேரே கொட்டகைக்கு வந்து பழைய கதவைப் பார்த்தாள். எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டேன்.

"எங்க ஒடுக்கு இருந்துச்சுன்னு கண்டுபுடி பாப்போம்."

குனிந்து பார்த்தாள், தடவினாள். "தெரியலையே. எப்ப எடுத்தீங்க?"

"அது ஆச்சு, மூணு வாரம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

"அப்ப மூணு வாரமா நான் எதுக்குங்க பஸ்ஸுல போறேன்?"

அம்மா சொன்ன சகுனத்துக்குப் பின்னால் அத்தனை நாளும் ஒளிந்துகொண்டிருந்தது நான்தான். அந்த வளைவுகளும், மண் சரிகிற கரைகளும், அவள் தனியாக ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதும் நினைப்பில் வந்தாலே இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடச் சாக்குத் தேடுவேன். "பயமா இருக்குடி" என்றேன். அவள் குளிக்கப் போனாள்.

சனிக்கிழமை பகல் முழுவதும் அவள் கதவோடு இருந்தேன். ஆப்பை வைத்து, கம்பியை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரிசி அரிசியாகத் தள்ளினேன். வளைந்திருந்த கோடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரே ஒரு கோடு மட்டும் கொஞ்சம் நெளிந்தே நின்றது. விளக்கில்லாமல் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, சாமி மன்னித்துவிட்டது என்றாள். சாமிக்கு முதுகு வலிக்கவில்லை, எனக்கு வலித்தது.

திங்கட்கிழமை காலை அவள் வண்டியை எடுத்தாள். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"மெதுவா போ. ஹோர்ன் அடிச்சு அடிச்சுப் போ. பசறைல நிப்பாட்டி எனக்கு ஒரு போன் கோல் எடு. ஸ்கூலுக்குச் சேந்ததும் ஒரு கோல் எடு."

அவள் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

"பதினொரு வருஷம் பஸ்ஸுல போனேங்க. ஒரு நாளாவது, சேந்துட்டியான்னு கேட்டிருக்கீங்களா?"

நான் ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன். கேட்டதில்லை.