முட்டைக் கடிகாரப் பாதிரியார்

பிரசங்க மேடையில் ஏறியதும் ஆஸ்வின் பெக் பாதிரியார் அங்கிப் பையிலிருந்து முட்டை வேகும் நேரம் பார்க்கிற மணற்குடுவையை எடுத்துக் கவிழ்த்து வைப்பார். மணல் இறங்கி முடிந்தால், வாக்கியம் பாதியில் தொங்கினாலும் ஆமென்தான். இரண்டாம் முறை கவிழ்த்ததை நாங்கள் பார்த்ததில்லை. "முட்டை வேகற நேரத்துக்கு மேல பேசினா, கேக்கறவங்கதான் வெந்துபோவாங்க" என்பார்.

ஆள் ஒல்லி. சைக்கிள் சங்கிலியில் மாட்டாமலிருக்க கால்சட்டையில் குத்திய கிளிப்பைக் கழற்ற மறந்து, அப்படியே ஞானஸ்நானம் கொடுப்பார். "கல்யாணமோ அடக்கமோ, சாப்பிடறது அதே வெள்ளரிக்கா சாண்ட்விச். மனுஷ வாழ்க்கையில மாறாதது அது ஒண்ணுதான்" என்பார். திருமதி பாம்ஃப்ரி ஒருமுறை, "ஆண்டவர் நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு மழை கொடுக்கறார்?" என்று அலுத்துக்கொண்டாள். "இல்லன்னா நாம ஒருத்தரோட ஒருத்தர் என்னத்தம்மா பேசுவோம்?" என்றார்.

இப்படி ஒரு பாதிரியார் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று எங்கள் ஆர்ல்கோம்ப் கிராமத்தில் எல்லோரும் மார்தட்டுவோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் காலி. நானும் பெருமைப்பட்டதோடு சரி.

தேவாலயத்துக்கு எதிரே 'கறுப்பு ஆடு' மதுக்கடை. அதன் முதலாளி கிளெம் சாமியே இல்லை என்கிற ஆள். சனிக்கிழமைதோறும் பாதிரியார் அங்கே போய் அரைக் கோப்பை பியர் குடிப்பார்.

"என்ன பாதிரியாரே, கடையில கூட்டம் பாத்தீங்களா? உங்க பக்கம் ஈ ஓட்டறீங்களாமே?"

"நீ ஞாயித்துக்கிழமை என்கிட்ட வரமாட்டேங்கற, நான் சனிக்கிழமை உன்கிட்ட வரேன். யாராவது ஒருத்தர் மரியாதை தெரிஞ்சவனா இருக்கணுமில்ல?"

இந்த வசந்தத்தில் பேராயரின் ஆள் கோப்பும் கையுமாக வந்து நின்றார். கோவிலைப் பூட்டிவிடலாமா என்பது கேள்வி. "இது ஊருக்கு வேணுமான்னே தெரியலையே" என்றார்.

"அணைப்பு ஞாயிறு அன்னைக்கு வந்து பாருங்க" என்றார் பாதிரியார்.

ஆண்டுக்கொரு முறை ஊரார் கைகோத்து தேவாலயத்தைச் சுற்றி நின்று அணைப்பது எங்கள் வழக்கம். வளையம் முழுதாக மூட வேண்டும். இவ்வருடம் குழந்தைகளையும் ஊன்றுகோல்காரர்களையும் சேர்த்தும் மூடவில்லை. மதுக்கடைப் பக்கம் பெரிய ஓட்டை. பேராயரின் ஆள் கையிலிருந்த கோப்பினைத் திறந்தார்.

பாதிரியார் மணற்குடுவையைக் கவிழ்த்து ஒரு கல்லறை மேல் வைத்தார். ஓட்டையின் ஓரத்தில் நின்று, ஒரு கையால் திருமதி பாம்ஃப்ரியைப் பிடித்துக்கொண்டு, மறுகையைக் கடை நோக்கி நீட்டினார்.

வாசலில் நின்ற கிளெம் சத்தமாகச் சொன்னான்: "நான் சாமி கும்பிட வரமாட்டேன்!"

"யாருடா கும்பிடச் சொன்னா? சுவரைச் சுத்திப் பிடிக்க ஆள் பத்தல!"

கிளெம் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி எறிந்தான். "டேய், கோப்பையை வெச்சிட்டு எல்லாரும் வெளிய வாங்கடா! மனுஷன் கைய நீட்டிக்கிட்டு நிக்கறார்!"

கடையே காலியாகி ஓடி வந்தது. வளையம் மூடியது. எங்கள் ஊர், எங்கள் கோவில், எங்கள் பாதிரியார்! நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

கல்லறை மேல் மணல் இறங்கி முடிந்திருந்தது. எல்லோரும் ஆமெனுக்குக் காத்திருந்தோம். பாதிரியார் யார் கையையும் விடவில்லை. யார் கையையும் பிடிக்காமல் நின்ற ஒரே ஆளான பேராயரின் ஆளைப் பார்த்து, மணற்குடுவையை முகவாயால் காட்டினார்.

அவர் கோப்பினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, குடுவையை இரண்டாம் முறை கவிழ்த்து வைத்தார்.