முட்டை ரூமில் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் கோழித்தீவனக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்கள் அதிகம் இல்லாததால் என்னைச் சீனியர் என்கிறார்கள்.

1. "ஏசி இருக்குதுங்களே!"

எங்கள் கம்பெனி ராசிபுரம் தாண்டி, நாமக்கல் போகும் வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் தீவன மில், மறுபக்கம் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி. சேலம் சூரமங்கலத்திலிருந்து பஸ் மாறி முதல் நாள் போய்ச் சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் பெட்டி பிரிக்கப்படாமல் ஆபீஸ் நடுவில் கிடந்தது. அதன்மேல் மக்காச்சோள சாம்பிள் பைகளை அடுக்கியிருந்தார்கள்.

முதலாளி பழனியப்பன் வேலையைச் சொன்னார். மூன்று வகைத் தீவனத்தைத் தனித்தனி ஷெட்டுகளில் கோழிகளுக்குப் போட்டு முட்டை எண்ணி வைத்திருந்தார்கள். நான் புள்ளியியல் பேக்கேஜையும் ஃபோர்ட்ரான் கம்பைலரையும் இன்ஸ்டால் செய்து, எந்தத் தீவனம் மேல் என்று கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பண்ணைக்காரர்கள் வந்து முடிவைப் பார்ப்பார்கள்.

"மூணாம் நம்பருதான் அம்மிணி நம்ம ஒசத்தி சரக்கு. வெலையும் சாஸ்தி. ஒண்ணாம் நம்பரு மலிவு. அதுதான் மேலுன்னு மிசினு சொல்லிப்போட்டா எல்லாரும் அதையே எடுப்பாங்க. வெள்ளிக்கெழம மிசினு பேசோணும். பேசுலீன்னா டீலருக்கே திருப்பி அனுப்பிப்போடுவேன்."

"அப்ப நானுங்க?"

"மிசினே இல்லாம நீங்க எதுக்கு அம்மிணி?"

நியாயமான கேள்வி. நான் தேவைகளை எழுதிக் கொடுத்தேன்: நிலையான கரண்ட், தூசியில்லாத அறை, முடிந்தால் ஏசி. அவர் மூன்றாவதை மட்டும் படித்தார்.

"ஏசி இருக்குதுங்களே! முட்டை ரூம்ல!"

2. கண்ணீர்

பொரிக்க வைக்கும் முட்டைகளை அடைகாக்கும் மெஷினில் ஏற்றும்வரை குளிர்ச்சியாக வைக்கும் அறைதான் முட்டை ரூம். அதற்குப் பொறுப்பு ராசாத்தியக்கா. வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும், கிருமி சாக ஃபார்மலின் புகை போடாமல் உள்ளே போகாது.

"இதைப் புகைப்பெட்டிக்குள்ள வெக்க முடியாதுக்கா, கெட்டுப்போகும்" என்றேன்.

"முதலாளியே வந்தாலும் காலு நனைச்சுட்டுத்தான் வரோணும். இது என்ன அவருக்கு மேலயா?" என்றவர், கம்ப்யூட்டர் புகைப்பெட்டிக்குள் நுழையாது என்பதால் மருந்துத் துணியால் துடைத்து விட்டுவிட்டார். பிளாப்பி டிஸ்க்குகள் நுழையும் அல்லவா? நான் டீ குடிக்கப் போன நேரத்தில் முட்டை அட்டைகளோடு அவற்றையும் வைத்துப் புகை போட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

டிஸ்க்குகள் கெடவில்லை. ஆனால் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து டிரைவில் போடும்போதெல்லாம் கண் எரிந்து நீர் கொட்டியது. மூன்றாவது டிஸ்க் கேட்கும் நேரத்தில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி அழுவறீங்க? கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லைங்க, நல்லாத்தான் ஏறிட்டு இருக்கு."

"நல்லா ஏறுனா எதுக்குங்க அழுவோணும்?" என்று ராசாத்தியக்காவைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

3. ஈரம்

நான்காவது டிஸ்க்கில் இன்ஸ்டாலேஷன் நின்றது. Abort, Retry, Fail என்று திரை கேட்டது. Retry அழுத்தினேன். அதையே திரும்பக் கேட்டது. மறுநாள் முதல் டிஸ்க்கே படிக்கவில்லை. திரையில் பனி படர்ந்திருந்தது. விரலால் துடைத்தால்தான் எழுத்து தெரிந்தது.

ஒரு பெண் வாளித் தண்ணீரோடு வந்து என் நாற்காலியைச் சுற்றித் தரையில் தெளித்தாள்.

"இது எதுக்குக்கா?"

"முட்டை காயக் கூடாதில்ல கண்ணு. ரூமு ஈரமா இருக்கோணும்" என்றார் ராசாத்தியக்கா.

அப்போதுதான் சுவரில் இருந்த ஈரப்பத மீட்டரைப் பார்த்தேன். கையேட்டைப் புரட்டினேன். கம்ப்யூட்டர் தாங்கக்கூடிய ஈரப்பதத்துக்கு மேலே முள் நின்றது. முட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் குளிர்ச்சியில் சண்டை இல்லை, ஈரத்தில்தான் சண்டை. ஆபீஸிலோ தீவனத் தூசி. காய்ந்த அறை ஹேச்சரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொரித்த குஞ்சுகளை லாரி வரும்வரை பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக வைக்கும் குஞ்சு ரூம். அடுத்த குஞ்சுகள் வெள்ளிக்கிழமைதான் இறங்கும். அதுவரை காலி.

முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. "ஏசி இல்லாத ரூம்ல வெச்சா அதைக் கம்ப்யூட்டருன்னு எவன் நம்புவான் அம்மிணி? பார்க்கறவன் ரேடியோன்னு நெனைச்சுக்குவான்."

"ஏசில வெச்சா அது பேசாதுங்க. பேசற ரேடியோ மேலுங்க."

ராசாத்தியக்கா எனக்கு ஆதரவாக வந்தார். "எடுத்துட்டுப் போவட்டுமுங்க. இந்தப் புள்ள கதவைத் தொறந்து தொறந்து முட்டைக்குச் சூடேறுது."

குஞ்சு ரூமில் கம்ப்யூட்டரையும் டிஸ்க்குகளையும் ஒரு பகல் முழுதும் சும்மா உலர விட்டேன். பிறகு பேக்கேஜ் கடைசி டிஸ்க் வரை மறுபேச்சில்லாமல் ஏறியது. கம்பைலரும் ஏறியது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது படிக்கும் AUTOEXEC கோப்பில் PATH வரியைச் சேர்த்தேன். அதைச் சேர்க்காவிட்டால் கம்பைலர் உள்ளேயே இருந்தாலும் கம்ப்யூட்டர் கண்ணில் படாது.

4. பன்னிரண்டு புள்ளி பதினேழு

ஷெட்காரர்கள் முட்டைக் கணக்கை 12.17 என்று எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு அட்டை, பதினேழு உதிரி. ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. பேக்கேஜோ அதைத் தசமமாக எடுத்துக்கொள்ளும். அப்படியே கொடுத்திருந்தால் அழகான, முழுக்கத் தவறான ஒரு விடை வந்திருக்கும். அட்டையை முட்டையாக மாற்ற ஃபோர்ட்ரானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது கம்பைல் ஆகி முடிந்தபோது வெள்ளிக்கிழமை காலை. வாசலில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டது. பண்ணைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

5. மிசினு பேசியது

எல்லோரும் செருப்பைக் கழற்றி, காலை நனைத்து, ஏசி எங்கே என்று அண்ணாந்து பார்த்தபடி குஞ்சு ரூமுக்குள் வந்தார்கள். வந்ததும் பல்புச் சூட்டில் வியர்த்தார்கள்.

"என்ன பழனியப்பா, அடுப்படில வெச்சிருக்கற?" என்றார் மூத்த பண்ணைக்காரர் ஒருவர்.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது குஞ்சு மாதிரிங்க மாமா. கதகதப்பா வெச்சாத்தான் வளரும்" என்றார்.

அதே நேரம் ராசாத்தியக்கா குஞ்சுப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தார். அவருடைய நேரம் யாருக்காகவும் மாறாது. அறை முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல். நான் கட்டளையைத் தட்டினேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று அடிக்கத் தொடங்கியதும் குஞ்சுகள் அத்தனையும் கப்பென்று அடங்கின. பண்ணைக்காரர்களும் அடங்கினார்கள்.

தாளைக் கிழித்துப் பார்த்தேன். மூன்று தீவனத்துக்கும் முட்டை எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

"மேலு எதுங்க அம்மிணி?" என்றார் முதலாளி, எல்லோருக்கும் கேட்கும்படி.

சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"வித்தியாசமே இல்லைங்களா?"

"இல்லைங்க."

"ஒண்ணாம் நம்பருக்கும் மூணாம் நம்பருக்குமா?"

"ஆமாங்க."

மூத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "விக்கறவன் ஊட்டு மிசினே விக்கறவனுக்கு எதிரா சாட்சி சொல்லுதுன்னா, இது பொய் பேசாதுங்கப்பா. எனக்கு ஒண்ணாம் நம்பருல ஒரு லோடு போடு." மற்றவர்களும் ஒண்ணாம் நம்பரையே சொன்னார்கள். போன முறை வேறு மில்லுக்குப் போன இரண்டு பேர்கூடச் சொன்னார்கள். மூணாம் நம்பரை ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு நான் கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து வந்தேன். முதலாளி வாசலில் நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"திருப்பி அனுப்பறதுக்குங்க."

"ஆரு சொன்னது? வெள்ளிக்கெழம பேசோணும்னேன், பேசிருச்சு." பிரிண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஆனா ஒண்ணு அம்மிணி. அடுத்த வாட்டி அந்தக் காயிதம் எம்பட கண்ணுல பட்டுட்டுத்தான் மத்தவிங்க கண்ணுல படோணும்."

இன்ஸ்டாலேஷனுக்கு நான் வைத்திருக்கும் பட்டியலில் கரண்ட், தூசி, ஈரம், PATH எல்லாம் உண்டு. அன்று கடைசியில் ஒன்றைச் சேர்த்தேன்: ஆட்கள் வருவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, முதலாளியிடம் காட்டிவிட வேண்டும். அதனால் விடை மாறாது. முகத்தைச் சரிசெய்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.